கல்குவாரிக் குட்டையில் குளிப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நீர்ப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, சேலத்தைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள்தான். ஏரிக்கரை சரிவாக இறங்கும். குவாரியில் ஓரடி தள்ளினாலே ஆழம். செங்குத்துப் பாறையில் பிடிமானம் இல்லாததால் நீச்சல் தெரிந்தவனும் கரையேற முடியாமல் களைத்துப்போவான். மேட்டூர்ப் பக்கம் கவலை வேறு: அணை திறந்தால் காவிரி கிடுகிடுவென ஏறும்.

காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவது, தவிப்பவர் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வதால். கரையில் குப்புறப் படுத்து வேட்டியோ மூங்கில் கழியோ நீட்டுங்கள். மூடி இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய் கேனில் கயிறு கட்டி எறியலாம். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் காற்றில் அலையாமல் போய்ச் சேரும்.

வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது! வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி முதலில் 5 முறை வாய்வழியே ஊதுங்கள். பிறகு நடுமார்பில் 5 செ.மீ. ஆழத்துக்கு 30 அழுத்தம், 2 ஊதல் என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையை யார் படிக்கிறார்கள்? குவாரிகளுக்குக் கம்பிவேலியும் கயிற்றோடு ஒரு மிதவையும் வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

– சேவைச் சங்க உறுப்பினர்கள், சேலம்