சரிவில் நிற்காத 48,990 ரூபாய் பிராம்: ஆறாவது புகார்

அனுப்புநர்:
குன்னூர் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் உங்கள் கணினியில் ஒன்பது முறை பதிவாகியிருக்கின்றன. பத்தாவது முறை தருவதாக இல்லை.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் (பிராம்) வண்டியின் பின்சக்கர பிரேக் பழுது – பிரேக் வளையம் இரண்டும் கேபிளும் மாற்றித் தருதல் அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருதல் – தொடர்பாக.

பார்வை: என்னுடைய ஐந்து புகார் எண்கள். ஐந்தும் "தீர்க்கப்பட்டது" என்று உங்களால் மூடப்பட்டவை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜூன் மாதம் உங்கள் இணையதளத்தில் 48,990 ரூபாய் கட்டி வாங்கிய ஸ்ட்ரோலர், செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து சரிவில் நிற்கவில்லை. எந்த மாடல், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதே இல்லை, செய்தவர்கள் நீங்கள். ஆனால் இதுவரை போனில் பேசிய ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த வண்டியில் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பின் அச்சில் இடது பக்கம் ஒரே ஒரு பெடல். அதை மிதித்தால் இடது சக்கரத்துக்குள் ஓர் எஃகு ஊசி நேராக நுழைகிறது. வலது சக்கரத்துக்கான ஊசியை அச்சுக் குழாய்க்குள் ஓடும் கேபிள் இழுத்து நுழைக்க வேண்டும். இரண்டு சக்கரத்தின் உட்பக்கத்திலும் பத்துப் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. ஊசி பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் நிற்கும். சக்கரங்களைப் பட்டனை அழுத்திக் கழற்றிவிட்டு, பெடலை மிதித்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இடது ஊசி 8 மி.மீ. வெளியே வருகிறது. வலது ஊசி 3 மி.மீ. அந்த 3 மி.மீ. பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். காரணம், கேபிள் தளர்ந்துவிட்டது. சைக்கிள் பிரேக்கில் கேபிளை இறுக்க ஒரு திருகு இருக்குமே, அது இந்த வண்டியில் கிடையாது. ஆனால் பெடல் மட்டும் பச்சை நிறம் காட்டி "பூட்டியாச்சு" என்கிறது.

இதிலிருந்து அடுத்த பழுது பிறக்கிறது. பின்சக்கரம் 29 செ.மீ. விட்டம், சுற்றளவு ஏறக்குறைய 91 செ.மீ. பத்துப் பள்ளம் என்றால் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தரையில் 9 செ.மீ. மிதிக்கும்போது ஊசி பள்ளத்தில் விழாமல் மேட்டில் உட்கார்ந்தால், வண்டி அந்த 9 செ.மீ. வரை உருண்டு, அதன்பிறகு 'டக்' என்று மாட்டும். சமதரையில் இது ஒன்றும் இல்லை. சரிவில் ஒவ்வொரு முறையும் வண்டியின் முழு எடையும் அந்தப் பிளாஸ்டிக் பல்லில் இடிக்கிறது. மூன்றே மாதத்தில் இடது வளையத்தில் நான்கு பற்களின் முனை மழுங்கிவிட்டது. படம் மூன்று முறை அனுப்பியிருக்கிறேன்.

வலது பிடிக்காமல் இடது மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? வண்டி நின்ற மாதிரி இருக்கும். பிறகு இடது சக்கரத்தைச் சுற்றி மெதுவாகத் திரும்பி, மூக்கை ரோட்டு ஓரத்துக்குக் காட்டும். எங்கள் ஊரில் ரோட்டு ஓரம் என்றால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் தேனிலவுக்கு வந்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

வண்டி 11.5 கிலோ, குழந்தை 9, கீழ்க்கூடையில் சாமான் 3. ஆக 23.5 கிலோ. எட்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் இது ஏறக்குறைய 3 கிலோ விசையுடன் விடாமல் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் மலை ரயிலே கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. சரிவில் பல் ஒழுங்காகப் பதிய வேண்டும் என்பது 1899-லேயே இங்கே தெரிந்த விஷயம். உங்கள் விளம்பரத்தில் "எல்லா வகைத் தரைக்கும் ஏற்றது" என்று போட்டு, பின்னணியில் மலையும் மூடுபனியும் காட்டியிருக்கிறீர்கள். அந்த மலை எது?

இதைத்தான் இரண்டாவது அழைப்பில் பேசியவரிடம் கேட்டேன். மற்றவர்களையாவது மன்னிக்கலாம், தெரியாமல் பேசினார்கள். இவர் சொன்ன பதில் எனக்கு இன்றுவரை காதில் நிற்கிறது: "சார், ஊட்டி சைடு டூரிஸ்ட் பிளேஸ். அங்கெல்லாம் இத எடுத்துட்டுப் போகக் கூடாது. ஃப்ளாட் ரோட்ல பிரேக் நிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." ஃப்ளாட் ரோட்டில் பிரேக் இல்லாமலேயே வண்டி நிற்கும், ஐயா. நாங்கள் டூர் வரவில்லை, இங்கேதான் குடியிருக்கிறோம் என்றேன். "அப்ப வேற மாடல் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த அழைப்பு தரப் பரிசோதனைக்காகப் பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரக் குரல்தான் சொன்னது. பதிவை எடுத்துக் கேளுங்கள்.

இனி கோவை சர்வீஸ் சென்டர் கதைக்கு வருகிறேன். கேட்டால், எங்கள் பின்கோடுக்கு வண்டியைத் திரும்ப எடுக்கும் வசதி இல்லையாம். மேலே ஏற்றிக் கொடுக்க வழி தெரிந்த கூரியருக்குக் கீழே இறக்க வழி தெரியவில்லை! டெக்னீசியனை அனுப்புகிறோம் என்று இரண்டு வாரம் இழுத்தீர்கள். கடைசியில் "இ-பாஸ் கிடைக்கவில்லை" என்றீர்கள். நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருப்பதுதான். ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். அரசு பஸ்ஸில் ஏறினால் அதுவும் வேண்டாம். சரி, நாமே போவோம் என்று, போனில் நீங்கள் கொண்டுவரச் சொன்ன பிறகு, காலை பஸ்ஸில் அந்தப் பெரிய பெட்டியை ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் எடுத்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் வைத்தால், புகார் 'ஃப்ரேம்' என்ற பிரிவில் பதிவாகியிருக்கிறது, பிரேக் 'வீல்' பிரிவு, வீல் பார்ப்பவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார் என்கிறார் கவுண்டரில் இருந்தவர். அன்று வியாழன். நான் நகராததால் அவரே வண்டியை டைல்ஸ் தரையில் வைத்து, பெடலை மிதித்து, ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, "நிக்குதே" என்றார். ஒரு பலகையைச் சாய்த்து அதன்மேல் வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். பலகை இல்லை என்றார். அன்று மாலையே குறுஞ்செய்தி: "பொருள் தரநிலைப்படி இயங்குகிறது. புகார் தீர்க்கப்பட்டது."

எந்தத் தரநிலை? குழந்தை வண்டிகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 1888 என்று ஒரு தரநிலை இருக்கிறது. உங்கள் பெட்டியிலும் அதை அச்சிட்டிருக்கிறீர்கள். நிறுத்தும் பிரேக்கைச் சரிவான பலகையில் வைத்துச் சோதிப்பதும் அதில் அடக்கம். கவுண்டரில் இல்லாத பலகை அது. இந்த மாடல் எத்தனை டிகிரி சரிவில், எத்தனை கிலோ ஏற்றிச் சோதிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தாருங்கள்.

வாரண்டிக்கும் ஒரு வார்த்தை. ஃப்ரேமுக்கு இரண்டு வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சக்கரம் ஆறு மாதம்; துணி, துரு, பூஞ்சை, தேய்மானம் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே துணி காய ஒரு வாரம் ஆகும். மடக்கி வைத்த வண்டியின் மேற்கூரையில் பூஞ்சை பூக்காமல் இருக்காது; சக்கரத்தைக் கழற்றும் பட்டனின் உள் ஸ்பிரிங் ஏற்கெனவே துருப்பிடிக்கிறது. எல்லாம் கழித்தால் வாரண்டியில் மிஞ்சுவது கப் ஹோல்டர் ஒன்றுதான் போலிருக்கிறது.

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். ஐந்து முனை பெல்ட் நன்றாக இருக்கிறது. பிறந்த குழந்தையை ஏறக்குறைய மட்டமாகப் படுக்க வைக்க முடிகிறது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் அது முடியாது. நுரைப்பஞ்சு நிரப்பிய டயர் பஞ்சராகாது. இவற்றுக்காகப் பணம் கொடுத்ததில் வருத்தமில்லை. ஆனால் கோவைக் கடைகளில் ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வண்டியில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியே ஒரு பிரேக் கட்டை. காலால் இரண்டு முறை மிதிக்க வேண்டும், பார்க்கவும் அழகில்லை. கேபிளே கிடையாது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கண்ணுக்கே தெரியும். அந்த ஏழாயிரம் ரூபாய் வண்டி எங்கள் தெருவில் நிற்கிறது! உங்களுடையது நிற்க, லாரிக்கு வைப்பதுபோல் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க வேண்டியிருக்கிறது. கையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை, சரிவில் அவசியமானது, அதைக்கூட 1,290 ரூபாய்க்குத் தனியாக விற்கிறீர்கள். தோல் உறை போட்ட கைப்பிடி மட்டும் இலவசம்.

இந்தப் பக்கம் விலை உயர்ந்த பிராம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது சொல்வது இதுதான். சக்கரத்தைக் கழற்றி ஊசியைப் பாருங்கள், வளையம் உலோகமா பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பாருங்கள், முன்சக்கரம் நேராகப் பூட்டுமா என்று பாருங்கள், கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டாதீர்கள்; ஏற்றத்தில் வண்டி பின்னால் கவிழும். பாதி வீடுகளுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும் என்பதால் எட்டு கிலோவுக்கு மேல் வாங்கவே வேண்டாம். இதை எழுத்திலும் நாலு பேருக்குச் சொல்லத் தயங்க மாட்டேன்.

தயவுசெய்து கீழ்க்கண்டதைச் செய்து கொடுங்கள். பிளாஸ்டிக் வளையம் இரண்டு, கேபிள் ஒன்று, இரண்டு ஊசிகள், அவற்றின் ஸ்பிரிங்குகள்: எல்லாவற்றையும் குன்னூருக்கு வந்து மாற்றி, என் தெருச் சரிவில் 25 கிலோ ஏற்றி நிறுத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் 48,990 ரூபாயும் திருப்பித் தர வேண்டும். பஸ், ஆட்டோ, மூன்று நாள் வேலை, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு நஷ்டம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. இருந்தாலும் நல்ல முறையில் முடித்தால் அதைக் கேட்கப் போவதில்லை.

இல்லையென்றால் கேட்பேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் புகார் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அதற்கடுத்து உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்; ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அப்போது உங்கள் ஆட்கள்தான் மலை ஏறி வர வேண்டியிருக்கும். இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் காத்திருப்பேன். அதுவரை உங்கள் மேல் உள்ள மரியாதையில் குறைவில்லை.

இப்படிக்கு,
குன்னூர் வாடிக்கையாளர்

பி.கு.: வீடியோ மறுபடி கேட்காதீர்கள். உங்கள் தளம் 10 எம்.பி.-க்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை. வண்டி உருளும் காட்சி அதற்குள் அடங்கவில்லை. அழைப்பதானால் காலையில் அழையுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. ஒரு முறை அடித்து "வாடிக்கையாளர் எடுக்கவில்லை" என்று ஆறாவதையும் மூடிவிடாதீர்கள்.