எம்பிஏவுக்கு ரியல் அனாலிசிஸ் வேண்டுமா?

அன்பு மகள் மலருக்கு,

விருப்பப் பாடமாக ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி போன்ற நுண்கணிதத்தின் அடிப்படைகளைக் கறாராக நிரூபிக்கும் கணிதம்) எடுக்கலாமா, எம்பிஏ படிக்கிறவளுக்கு அது எதற்கு என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் அது தேவையில்லை. எப்சிலான், டெல்டா வைத்துத் தேற்றங்களை நிரூபிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் நிறுவனங்களை நன்றாக நடத்துகிறார்கள். ஆனால் "கணக்கை எக்செல் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு கல்குவாரியை எடுத்துக்கொள். இன்று 100 லட்சம் போடுகிறாய். அடுத்த வருடம் 230 லட்சம் வருகிறது. அதற்கடுத்த வருடம் பள்ளத்தை மூடிச் சீர்செய்ய 132 லட்சம் செலவு. ஐஆர்ஆர், அதாவது வரவும் செலவும் இன்றைய மதிப்பில் சரிக்குச் சரியாகும் வட்டி விகிதம், எவ்வளவு? எக்செல் 10 சதவீதம் என்று சொல்லும். காகிதத்தில் போட்டுப் பார், 20 சதவீதமும் அதே அளவு சரியாக வரும். பணம் போய், வந்து, மறுபடி போகிறது. கூட்டல் கழித்தல் குறி இரண்டு முறை மாறுவதால் இங்கே சமன்பாட்டுக்கு இரண்டு விடை. எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 8 சதவீத வட்டியில் சுமார் 21 ஆயிரம் நஷ்டம், 15 சதவீதத்தில் சுமார் 19 ஆயிரம் லாபம்! வட்டி கூடினால் லாபம் குறையும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

பத்து வருடத் திட்டமென்றால் அது பத்தாம் படிச் சமன்பாடு. ஐந்தாம் படியிலிருந்து பொதுவான தீர்வுச் சூத்திரம் கிடையாது என்று நார்வேக்காரர் ஆபெல் 1824-இல் நிரூபித்துவிட்டார். அதனால்தான் எக்செல் ஒரு ஊகத்தில் தொடங்கி, திருத்தித் திருத்தி விடையை நெருங்குகிறது. ஆபெலின் நிரூபணம் உனக்கு வேண்டாம். திரையில் வரும் எண் எப்படி வந்தது என்பது கட்டாயம் வேண்டும்.

அதற்கு முதலில் நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் புரோகிராமிங் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த திட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறை) மூன்றையும் அழுத்தமாகப் படி. தேவை எவ்வளவு ஏறி இறங்கும், எந்த லாரி எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது. நீ ஆசைப்படும் ஆபரேஷன்ஸ் வேலைக்கு இது போதும்.

ஒருவேளை ஆப்ஷன்களுக்கு (பங்கு போன்றவற்றைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமைகளுக்கு) விலை கணக்கிடும் வேலைக்குப் போக நினைத்தால் கதை வேறு. அந்த விலையைக் கணக்கிட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை வரி வரியாகப் புரிந்துகொள்ள ரியல் அனாலிசிஸ்தான் அடித்தளம். அப்போது தயங்காமல் எடு. பிடித்திருந்தால் இப்போதே எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மதிப்பெண் குறையுமே என்று மட்டும் பயந்து விட்டுவிடாதே.

படிவம் கொடுக்கக் கடைசித் தேதி என்ன? அதற்குள் அந்த வகுப்பில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா