கடலில் கலந்தால் தீர்ந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. நுரைக்குக் காரணம் பாஸ்பேட் அல்ல. சோப்புத்தூளில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் வேறு வேதிப்பொருள்கள்தான் நுரைக்கின்றன. பாஸ்பேட் நுரைக்காது, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அது இந்த ஏரிகளிலிருந்து வழிந்து, தென்பெண்ணை ஆற்றோடு கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளில் தங்கித் தங்கிக் கடலூர் நோக்கிப் போவது யாருக்கும் உறைப்பதில்லை. இன்னொன்று, "கடலில் கலந்தால் மீனுக்கு உரம்தானே" என்ற வரி. எங்களை எழுத வைத்தது இதுதான்.

கடலுக்குப் பாஸ்பரஸ் தேவை என்பது உண்மை. மரபணுவிலும் செல் சவ்விலும் மீன் முள்ளிலும் அது உண்டு. நைட்ரஜனைப் போல இதற்குக் காற்றில் இருப்பு கிடையாது; பெரும்பாலும் பாறை கரைந்து ஆற்றோடு வந்தால்தான் உண்டு. ஆகவே கடலின் மேல்மட்டத்தில் ஒரே பாஸ்பரஸ் நுண்பாசி, மீன், கழிவு, பாக்டீரியா என்று பலமுறை கைமாறிய பிறகே ஆழத்துக்கு இறங்குகிறது. வெப்பக் கடல்களின் மேல்நீரில் பல இடங்களில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கூட இருக்காது. ஆழத்திலோ 2 முதல் 3 வரை. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரியிலும் அடிநீர் மேலேறும்போது பாசி பெருகி, அதைத் தின்ன மத்தி கூட்டங்கூட்டமாக வருகிறது. அந்த அடிநீரில் பாஸ்பேட்டுடன் நைட்ரேட்டும் சிலிக்காவும் சேர்ந்தே வரும். சிலிக்கா இருந்தால்தான் டயாட்டம் என்னும் பாசி ஓடு கட்டும். நகரக் கழிவுநீரில் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஏராளம், சிலிக்கா அந்த அளவுக்கு இல்லை. மீனுக்கு உதவும் டயாட்டம் பின்தங்க, வேறு பாசிகள் முந்திக்கொள்ளும்.

அளவையும் பார்க்க வேண்டும். கடல் பாசியில் சத்துகள் இருக்கும் சராசரி அளவைச் சொல்லும் ரெட்ஃபீல்டு விகிதப்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன். மற்ற சத்துகள் குறையாவிட்டால் 1 கிராம் பாஸ்பரஸ் 41 கிராம் கார்பனைப் பாசியாக்கும். அந்தப் பாசி முழுக்க மக்க ஏறக்குறைய 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுக்கே ஆக்சிஜன் கரைந்திருப்பதால், இது 20,000 லிட்டருக்கும் அதிகமான நீரின் ஆக்சிஜன். 6,000 லிட்டர் டேங்கரில் மூன்றரை லோடு. ஒருவர் உடலிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. திறந்த கடலில் காற்றும் அலையும் இழப்பை ஈடுகட்டும். தேங்கிய கழிமுகத்தில் அது நடப்பதில்லை.

ஓதம் வடிந்த நேரத்தில் கழிமுகச் சேற்றை வெட்டிப் பாருங்கள். மேலே துருநிறத்தில் மெல்லிய தோல். அதன் கீழே மைக்கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்தத் துரு இரும்பு ஆக்சைடு. பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரையும். கடல்நீரின் சல்பேட்டிலிருந்து பிறக்கும் சல்பைடு அந்த இரும்பைக் கவ்விக் கறுப்பாக்கும். பிடி விட்ட பாஸ்பேட் நீருக்குத் திரும்பி மறுபடி பாசியை வளர்க்கும். நன்னீர் ஏரியில் இரும்பு மீண்டும் துருவாகிப் பாஸ்பேட்டைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். கடலோரச் சேற்றில் சல்பைடு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதனால் இன்றே வரத்தை நிறுத்தினாலும் சேர்ந்தது பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும்.

ஆக, இதை மறிக்க வேண்டிய இடம் பெங்களூரு அபார்ட்மென்ட்களின் எஸ்.டி.பி. என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே காற்று ஊதுவதால் பி.ஓ.டி. (கழிவை மக்கச் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) இறங்கும், பாஸ்பரஸில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். நாளுக்கு 1 லட்சம் லிட்டர் வெளியேறும் நிலையத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் மொத்தம் அரைக் கிலோ. அதைப் பிடிக்க 7 முதல் 10 கிலோ ஆலம் தேவை. சலூன் படிகாரம் அல்ல, அலுமினியம் சல்பேட். அதைக் கரைத்து, காற்றூதும் தொட்டியின் கடைசியில், நீர் நன்றாகக் கலங்கும் இடத்தில் சீராகச் சொட்ட விட வேண்டும். தெளியும் தொட்டியில் ஒரே வாளியாகக் கொட்டினால் பாதி வீண். பி.எச். 6-க்குக் கீழே போகாமல் பார்ப்பதும் முக்கியம். போனால் கழிவைத் தின்னும் பாக்டீரியா சோர்ந்துவிடும். ஆலத்துக்குப் பதில் ஃபெரிக் குளோரைடு விடுபவர்கள் அடிக்கசடை நாள்கணக்கில் காற்றின்றித் தேக்கினால், கழிமுகச் சேற்றில் நடப்பதே தொட்டிக்குள்ளும் நடந்து பாஸ்பேட் திரும்ப நீரில் இறங்கும்.

கெலவரப்பள்ளியிலும் கடலூர் முகத்துவாரத்திலும் மொத்தப் பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இரு மாநில அதிகாரிகளிடமும் கேட்டு, நுரைப் படத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். தாங்களே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்கும் வாசகர்கள் பாட்டிலைச் சோப்புத்தூளால் கழுவ வேண்டாம். அதில் பாஸ்பேட் இருந்தால், ஒட்டியிருக்கும் துளியே, பாஸ்பேட்டை நீல நிறத்தால் அளக்கும் மாலிப்டினம் சோதனையில் நீலத்தைக் கூட்டிக் காட்டிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலை வடிநீரில் நன்றாக அலசி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு