அட்டையின் விலையை முழுசாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்கிமான் கார்ட்டூன் உருவங்கள் போட்ட பழைய விளையாட்டு அட்டைகள் லட்சக்கணக்கில் விலை போகின்றன என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியை என் மகன் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தாத்தா கொடுத்த பிறந்தநாள் பணம், பொங்கலுக்குச் சேர்ந்தது என்று மூன்று வருடச் சேமிப்பான 18,000 ரூபாயைக் கொடுத்து ஒருவரிடம் சாரிசார்ட் என்ற போக்கிமான் உருவம் போட்ட அட்டை வாங்கி வந்தான். "1999-ல வந்ததும்மா. வித்து உனக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தரேன்" என்றான்.

அட்டை போலி இல்லை. ஆனால் 1999-இல் வந்ததும் இல்லை. அந்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பில் சாரிசார்டின் எண் 4/102, அதாவது 102 அட்டைகளில் நான்காவது. இவன் கையில் இருந்ததோ 11/108. பழைய தோற்றத்திலேயே 2016-இல் வெளியிட்ட தொகுப்பைச் சேர்ந்தது. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு மூலையும் மடங்கியிருந்தது. விவரம் தெரிந்த ஒரு பையன் பார்த்துவிட்டு, கொடுத்த பணத்தில் பாதிகூட வராது என்றான்.

விற்றவர் மீது எனக்குக் கோபம் உண்டு. உங்கள் செய்தி மீதும் வருத்தம் உண்டு. சாரிசார்டில் மிகப் பெரிய விலைக்குப் போவது 1999 தொகுப்பின் முதல் பதிப்பு, அதாவது முதலில் அச்சடித்தவை. படத்துக்குக் கீழே இடப்பக்கம் அதற்கான சின்ன முத்திரை இருக்கும். அதுவும் பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை தரும் மதிப்பெண்ணில் 10 வாங்கியதாக இருந்தால்தான் அந்த உச்ச விலை. 9 வாங்கினாலே விலை எங்கேயோ இறங்கிவிடுகிறது. இதில் ஒரு வரிகூட செய்தியில் இல்லையே!

அப்புறம், கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இங்கே செம்பூரில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் அன்றைய தங்க விலை தெரிந்துவிடும். அட்டைக்கு அப்படிக் கிடையாது. யாரும் எந்த விலையையும் போட்டு வைக்கலாம். இணையத்தில் பொருள்களை வாங்கி விற்கும் ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பார்க்க வசதி இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

பழையது என்றாலே மதிப்பு என்பதும் சரியில்லை. 1952-இல் டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்ட அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. விற்காமல் தேங்கிய அந்த வருட அட்டைகளைக் கடலில் கொட்டியதாக அந்த நிறுவனத்தில் இருந்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல நிலையில் மிஞ்சியவை அவ்வளவு குறைவு என்பதால்தான் அந்த விலை. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் அளவில்லாமல் அச்சடித்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தவர்களுக்கோ இன்றும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

இனி இப்படிச் செய்தி போடும்போது எந்தத் தொகுப்பு, என்ன எண், என்ன மதிப்பெண், விற்ற விலையா, கேட்ட விலையா என்பதைப் பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். என் மகன் அந்தக் கத்தரிப்பை இன்னும் கிழிக்கவில்லை. அடுத்த செய்தியையும் அவன் நம்பித்தான் படிப்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை