ஆம்ப்ளிஃபையர் இருக்கட்டும், அறையைக் கவனி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் ரொம்ப சந்தோஷம். கெடா விருந்துக்கு என்னைக் கூப்பிடாத விவகாரத்தை நேரில் பேசிக்கொள்வோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வேலைக்கு பெங்களூரு போனதும் அவளுடைய அறை காலியானது. பழைய சாமான்கள் உள்ளே ஏறுவதற்குள் நான் அதைப் பிடித்துவிட்டேன். இப்போது அது பாட்டு கேட்கும் அறை.

பாட்டு தெளிவாக இல்லை, ஆம்ப்ளிஃபையரை மாற்றப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. அறை நடுவில் நின்று பலமாக ஒருமுறை கையைத் தட்டிப் பார். 'டிர்ர்ர்' என்று இழுத்தால் குறை பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது. சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம் என்று நம் வீடுகளில் சத்தத்தை வாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

1895இல் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லையாம். சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் தலையில் விழுந்தது. ஹார்வர்டிலேயே இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று காதாலேயே அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில்தான் தொடங்கியது.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அதுவும் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் மேல் ஒலிகளை மட்டும்தான் தின்னும். வயலின் மங்கிப்போகும், மிருதங்கத்தின் கும்கி என்கிற கீழ் ஒலியோ பழையபடி அறைக்குள் உருண்டுகொண்டிருக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளமே 11 அடிக்கு மேல். அதை உறிஞ்சத் தடிமன் வேண்டும்.

நான் செய்தது இதுதான். ஏ.சி. டக்ட் வேலைக்குச் சரக்கு விற்கும் கடையில் ராக்வூல் (கல் இழை) பலகை வாங்கினேன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. இரண்டு அங்குலப் பலகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ரீப்பர் கட்டையில் நாலுக்கு இரண்டு அடி சட்டம் அடித்து, அதற்குள் வைத்து, காடாத்துணி சுற்றி ஸ்டேப்ளர் அடித்தேன். வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரவேண்டும், துணிக்கு அதுதான் சோதனை. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் ராக்வூலைத் தொடாதே, அரித்துத் தள்ளும்.

நீ வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள். வேறொருவர் பக்கச் சுவரை ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். அதில் ஸ்பீக்கர் உனக்குத் தெரிகிற இடத்தில் ஒரு சட்டத்தை மாட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி. மூலைகளில் இன்னும் தடிமனாக, தரையில் தொடங்கி உயரமாக நிறுத்து, பேஸ் என்கிற கீழ் ஒலி அங்கேதான் மண்டுகிறது. எல்லாச் சுவரையும் மூடிவிடாதே, பாட்டு செத்துப்போகும். பின்சுவருக்கு உன் புத்தக அலமாரியே போதும். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை இது எதுவும் நிறுத்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. நீ சொல்லும் மாடி அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்து என்றால், மூன்று பக்கமும் சேர்ந்து 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே சுருதியைத்தான் முழக்கும். எத்தனை சட்டம் அடித்தாலும் அது லேசில் அடங்காது. கூடத்தின் ஒரு முனையை வீட்டில் விட்டுத்தருவார்களா என்று கேட்டுப் பார். சரி என்றால் அளவு எழுதி அனுப்பு, பலகைக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ராமு