ஒன்பது மினாவும் ஒரு கிலோ பருப்புப் பொடியும்

அன்புள்ள கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. விடியற்காலைக் கனவில் நீ ஈரத் தலையோடு நம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய், கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை என்று சொன்னேன். "31 வருஷம் ஃபிசிக்ஸ் எடுத்த டீச்சர் பேசுற பேச்சாம்மா இது?" என்றாய். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பெங்களூரில் இரண்டு பேர் சாப்பிட இருபதாயிரம் கொடுத்த கதையைச் சொல்லி, "நான் எபிக்யூரியன்மா, இருக்கிற வரைக்கும் அனுபவிச்சிடணும்" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும்.

எபிக்யூரியன் என்ற பெயர் எபிக்யூரஸிடமிருந்து வந்தது, இன்பமே நன்மை என்று சொன்ன பழைய கிரேக்கத் தத்துவஞானி. அவரும் தன் அம்மாவின் கெட்ட கனவுக்குப் பதில் எழுதியவர் தெரியுமா?

துருக்கியின் தென்மேற்கு மலைப்பக்கம் ஓயினோஆண்டா என்று ஒரு பழைய ஊர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே டயோஜினஸ் என்ற பெரியவர் (ஜாடியில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் பிரபல டயோஜினஸ் வேறு, இவர் வேறு) தள்ளாத வயதில், உடம்புக்கு முடியாத நேரத்தில், எபிக்யூரஸின் தத்துவத்தை ஊர்ச் சுவரில் கல்லில் வெட்டி வைத்தார். போகிற வருகிறவர்கள் படித்து மனம் தேறட்டும் என்று. சுவர் இடிந்து கற்கள் சிதறிப்போய், 1884இலிருந்து துண்டு துண்டாகக் கண்டெடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் ஒரு மகன் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. எபிக்யூரஸ் இளவயதில் வெளியூரிலிருந்து எழுதியது என்றே பெரும்பாலான அறிஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்மாவுக்கு மகனைப் பற்றிக் கலக்கமான கனவுகள் வருகின்றன. மகன் உன்னைப் போலச் சிரிக்கவில்லை, பாடம் நடத்துகிறார். ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பிலிருந்தும் அணுக்களாலான மெல்லிய படலங்கள் ஓயாமல் கழன்று பறந்துகொண்டிருக்கின்றன. அவை கண்ணில் பட்டால் பார்வை. அதைவிட நுண்ணியவை நேரே மனதில் பட்டால் கனவு. ஆள் பக்கத்தில் இல்லாதபோது வரும் உருவமும், பக்கத்தில் இருக்கும்போது வருகிற அதே வகைதான். அதில் தெய்வக் குறிப்பும் இல்லை, வரப்போகும் கேடும் இல்லை. ஆகவே தைரியமாக இரு, அம்மா. என்னைக் கனவில் கண்டால், நான் நாளுக்கு நாள் நல்லதைத் தேடிக்கொண்டு முன்னேறுகிறேன் என்று நினைத்துக்கொள் என்கிறார். அவருக்கு ஆகாதவர்கள், அந்த அம்மா வீடு வீடாகப் போய் மந்திரம் ஓதித் தோஷம் கழிப்பவள், மகன் கூடப்போய் வாசித்துக் கொடுப்பான் என்று கேலி செய்தார்களாம். அது உண்மையோ பொய்யோ, பயம் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வரும் என்பது அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவர் இன்பம் என்று சொன்னதன் முக்கால்வாசி, பயமில்லாமல் இருப்பதுதான். வானத்தையும் சாவையும் பற்றிய அச்சம் நம்மை வாட்டாவிட்டால் நமக்கு இயற்கை ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது என்று பச்சையாகவே சொல்லியிருக்கிறார். இருப்பவை அணுவும் வெற்றிடமும் மட்டும். இதைத் தனக்கு முந்திய கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிடஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். உயிரும் நுண்ணிய அணுக்களின் சேர்க்கையே. உடம்பு விழுந்தால் அது கலைந்துபோகும். கலைந்தபின் வலிக்க ஆள் இல்லை. நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை என்ற அவருடைய வாக்கியம் இந்த அணுக்கணக்கின் விடை. அணுவை எடுத்துவிட்டால் அது வெறும் ஆறுதல் பேச்சாகிவிடும்.

சரி, அணு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இன்பம்தான் நன்மை என்று எதை வைத்துச் சொல்வது? எட்டாம் வகுப்பில் நான் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டுக் காட்டுவேன், நினைவிருக்கிறதா? நீயும் அந்த வகுப்பில் இருந்தாய். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், கண்ணு பொய் சொல்லுது" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எபிக்யூரஸ் கேட்டிருந்தால் என்னைத்தான் பெஞ்சில் ஏற்றியிருப்பார். கண் பொய் சொல்லாது, தன்னிடம் வந்ததை அப்படியே ஒப்பிக்கிறது. "பென்சில் வளைந்திருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டது நம் புத்தி. தூரத்திலிருந்து பார்த்தால் சதுரக் கோபுரம் வட்டமாகத் தெரிகிறது. கிட்டப்போய்ப் பார்த்து எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். புலன்களை மொத்தமாகத் தள்ளிவிட்டால், எது தவறு என்று சொல்லவும் கையில் ஒன்றும் மிஞ்சாது. கண்ணுக்குத் தெரியாத அணுவையும் இப்படித்தான் பிடிக்கிறார்: பொருள்கள் நகர்வதைப் பார்க்கிறோம், நகர இடம் வேண்டும், ஆகவே வெற்றிடம் உண்டு.

எது உண்மை என்று அளக்கும் அளவுகோலில் புலனறிவோடு, பலமுறை கண்டு மனதில் பதிந்த கருத்துகளையும், இன்ப துன்ப உணர்வையும் சேர்த்து வைத்தார். நெருப்பு சுடும், பனி வெளுப்பு, தேன் இனிப்பு என்பதற்கு யாரும் வாதம் கேட்பதில்லை. இன்பம் நாடத்தக்கது என்பதும் அப்படித்தான் என்று அவர் வாதாடியதை ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். பிறந்த குழந்தையைப் பார் என்பார்கள். அது எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பாலுக்கு அழுகிறது?

"இருக்கிற வரைக்கும் அனுபவி" என்ற உன் பேச்சு உண்மையில் வேறொருவர் வீட்டுச் சரக்கு. இன்றைய லிபியாவில் இருக்கும் சைரீன் ஊர்க்காரர்கள், அந்த ஊர்த் தத்துவஞானி அரிஸ்டிப்பஸ் வழி வந்தவர்கள். தேன் எப்படிப்பட்டது என்று தெரியாது, "எனக்கு இனிக்கிறது" என்பது மட்டுமே தெரியும் என்பது அவர்கள் கட்சி. தன் உணர்வுக்கு வெளியே எதையும் அறிய முடியாது என்று ஆனபின் கையில் மிஞ்சுவது இந்த நிமிஷத்து ருசி ஒன்றுதானே? அறிவை எவ்வளவு தூரம் நம்புகிறாயோ அவ்வளவு தூரம்தான் இன்பமும் நீளும். எபிக்யூரஸ் புலனை நம்பினார், அதனால் உலகத்தை நம்பினார், அதனால் நேற்றையும் நாளையையும் கணக்கில் சேர்க்க முடிந்தது. இந்த இன்பம் பின்னால் என்ன வலி கொண்டுவரும் என்று கூட்டிக் கழித்தார். ஏதென்ஸில் தோட்டம் வாங்கி நண்பர்களோடு இருந்தபோது ரொட்டியும் தண்ணீருமே அவருக்குப் போதும். விருந்து சாப்பிடத் தோன்றினால் ஒரு சின்னச் சட்டிப் பாலாடைக்கட்டி அனுப்பு என்று நண்பருக்கு எழுதினாராம். பசி அடங்கியதும் இன்பம் உச்சத்துக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் மாற்றி மாற்றிச் சாப்பிடலாமே தவிர ஏற்ற முடியாது என்பது அவர் கணக்கு. உன் இருபதாயிரத்தை அவரிடம் காட்டாதே.

எனக்கு அவரிடம் சண்டை இல்லாமல் இல்லை. சூரியன் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்கிறார்! அவர் பிறந்த அதே சாமோஸ் தீவுக்காரர், ஒரு தலைமுறை இளையவர், அரிஸ்டார்க்கஸ் வடிவியல் போட்டு சூரியன் பூமியைவிடப் பெரிது என்று காட்டினார். இடி, கிரகணம் எல்லாவற்றுக்கும் எபிக்யூரஸ் மூன்று நான்கு காரணம் அடுக்கி, எதுவானாலும் சரி, தெய்வத்தின் கோபம் மட்டும் இல்லை என்று முடித்துவிடுவார். மனம் அமைதியானதும் ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிற மாணவன். நான் பாதி மார்க்தான் போடுவேன். அப்புறம் அந்த அணு விலகல். காரணமே இல்லாமல் அணு இம்மியளவு திசை மாறுமாம். அவர் வழி வந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸின் கவிதையில் வருகிறது. எல்லாமே விதிப்படி ஓடினால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்ற கவலை. விதிக்கு அடிமையாவதைவிடத் தெய்வக் கதைகளை நம்புவது மேல் என்றுகூட எபிக்யூரஸ் எழுதினார். இங்கே ஒழுக்கம் இயற்பியலின் காதைப் பிடித்துத் திருகுகிறது.

ஆனாலும் கடைசி நாளில் அந்த மனுஷர் எழுதியதைப் படித்தபின் சண்டை போட மனம் வரவில்லை. சிறுநீர் அடைத்து, வயிற்றுக்கடுப்பு, தாங்க முடியாத வலி. நாம் பேசிய பேச்சுகளை நினைத்த சந்தோஷம் இதற்கெல்லாம் ஈடாக எதிரே நிற்கிறது என்று நண்பருக்கு எழுதி, இறந்துபோன இன்னொரு நண்பரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவும் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் வலிக்கு நடுவில், கொடைக்கானல் போகிற வழியில் பஸ் நின்றுபோய் ராத்திரி முழுக்க நாம் சீட்டு ஆடியதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னார். நீ மூன்று ஆட்டம் ஏமாற்றி ஜெயித்தாயாம்.

அந்த அம்மா கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "நீ எனக்கு அனுப்புவதையெல்லாம் நிறுத்து. எனக்கு மிஞ்சுவதற்காக உனக்குக் குறைய வேண்டாம். நண்பர்களும் அப்பாவும் அனுப்புகிறார்கள், இப்போதுகூட க்ளியோன் ஒன்பது மினா அனுப்பினார்" என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஒன்பது மினா என்றால் 900 டிராக்மா, அந்தக் காலத்துக் கிரேக்க வெள்ளிக்காசு. நீயும் இதையே சொல்கிறாய், "இங்க எல்லாம் கிடைக்குதும்மா".

பருப்புப் பொடி ஒரு கிலோ, மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் வியாழக்கிழமை கூரியரில் வருகிறது. ஊறுகாய் பாட்டில் மூடியில் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது நிமிர்த்திப் பிடி. போன தடவை அனுப்பிய எவர்சில்வர் டப்பா இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அன்புடன்,
அம்மா