நெல் வணிகர் வீட்டு வரலாற்றுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். எங்கள் ஊர்க் கீழத்தெருவில் உள்ள நெல் வணிகர் வீட்டின் வரலாற்றை எழுதி முடித்திருக்கிறோம். குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்தவை ஒரு பெட்டிக் கணக்கேடுகளும் சில பத்திரங்களுமே. அவற்றுக்குப் பொருள் சொன்னவர்கள் நீங்கள்.

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் இருந்த காலத்து வீடு இது என்பது ஊர்ப்பேச்சு. மனை வாங்கிய பத்திரத்தில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) 1298 என்றிருப்பதைக் காட்டி, அதனுடன் 590-ஐக் கூட்டினால் 1888 வரும், பசலி ஜூலையில் பிறப்பதால் அடுத்த ஆண்டின் ஜூன் வரை அது செல்லும் என்று விளக்கிய பத்திர எழுத்தர் ஐயாவால் அந்தப் பேச்சு முடிவுக்கு வந்தது. டச்சுக்காரர் 1781-லேயே நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்துவிட்டனர். வீட்டின் வயது நூறாண்டு குறைந்ததே என்று சிலருக்கு வருத்தம், எங்களுக்கு இல்லை. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861-இல் ரயில் ஓடத் தொடங்கிய பின், துறைமுகத்தை நம்பி வளர்ந்த வணிகத்தின் வீடாக அதைப் பார்ப்பதே பொருத்தமாக இருக்கிறது.

கணக்கேடுகளைப் படித்துத் தந்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. நெல்லைக் கலத்திலும் மரக்காலிலும் எழுதியவர்கள், கூட்டாளிகளின் பங்கை மா, காணி, முந்திரி என்று பழைய தமிழ்க் குறிகளால் எழுதியிருந்தார்கள். 20-இல் ஒரு பங்கு மா, 80-இல் ஒரு பங்கு காணி, 320-இல் ஒரு பங்கு முந்திரி என்று அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டிய பிறகே, இலங்கைக்கு அரிசி அனுப்பிய அந்த வணிகம் தனி ஒருவருடையது அன்று, மூவர் சேர்ந்து நடத்தியது என்பது தெரிந்தது. மற்ற இருவரின் வழிவந்தோரும் இதே ஊரில் இருக்கிறார்கள். வீட்டின் பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

கூடத்துத் தூண்கள் பர்மாத் தேக்கு, பின்கட்டில் இருப்பவை இலுப்பை என்று மரத்தைப் பார்த்தே சொன்ன தச்சர் அண்ணனுக்கு நன்றி. வருவோர் பார்க்கும் இடத்தில் தேக்கு, அடுப்படிப் பக்கம் உள்ளூர் மரம்: வணிகர் கணக்கு அங்கும் பிசகவில்லை! முற்றத்துச் சுவரைச் சிமெண்டு தொடாமல், கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தால் பூசிக் கொடுத்த கொத்தனார்களுக்கும் நன்றி.

1942-இல் பர்மாவிலிருந்து உயிர் பிழைத்து வந்த குடும்பங்கள் இந்த வீட்டுத் திண்ணையிலும் ரேழியிலும் தங்கியிருந்ததைத் தம் தாயார் வாயிலாகக் கேட்டு எங்களிடம் சொன்ன மேலத்தெரு ஆச்சிக்கு எங்கள் வணக்கம். அந்தச் செய்தி எந்த ஏட்டிலும் இல்லை.

ஏடுகளின் ஒளிநகல்களை ஊர்க் கிளை நூலகத்தில் வைத்திருக்கிறோம். கூட்டாளிகளின் வழிவந்தோர் முதலில் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வீட்டு வரலாற்றுக் குழுவினர்